பிர்ச் எஃபெக்டுக்கு ‘நனைமூச்சு’ சரிப்படுமா?

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

களக்காடு–முண்டந்துறைக் காட்டு மண் கையேட்டில் ‘பிர்ச் எஃபெக்ட்’டை எப்படி எழுதுவது என்பதுதானே பேச்சு. ‘பூர்ச்ச விளைவு’ நிச்சயமாக ஆகாது. ஆங்கிலத்தில் ‘பிர்ச்’ என்கிற பூர்ச்சம் இமயமலை மரம். இந்த பிர்ச்சோ ஓர் ஆள், கென்யாவில் மண் ஆராய்ச்சி செய்தவர். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் கார்பன் டை ஆக்சைடு திடீரென்று பொங்கி வருவதையும், கூடவே பயிருக்கு எட்டும் நைட்ரஜன் கூடுவதையும் 1958இல் விரிவாக எழுதினார், பேர் நிலைத்துவிட்டது. ‘பிர்ச் விளைவு’ என்றே விடலாம் என்பவர்களோடு சண்டை இல்லை. ஆனால் மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கும் வனக்காவலருக்கும் அதில் பிடி கிடைக்காது.

அண்ணாச்சி சொன்ன ‘புதுமழை மூச்சு’ கேட்க நல்லாத்தான் இருக்கு. இடிப்பது எங்கே என்றால், நம்ம அடிவாரத்து மண் வருஷத்தில் ஒரு தடவை மட்டும் காய்வதில்லை. சித்திரையில் கோடைமழை விழும், ஆனி ஆடிக் காற்றில் மறுபடி வறண்டு போகும், ஐப்பசியில்தான் திரும்ப நனையும். ஒவ்வொரு நனைவுக்கும் இந்த மூச்சு உண்டு. அடுத்தடுத்துக் காய்ந்து நனைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். மேலும் மழையே வேண்டாம். ஆய்வகத்தில் காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் விட்டாலே நடக்கும்.

மழை எவ்வளவு என்பதைவிட, முன்னால் எவ்வளவு காய்ந்தது என்பதுதான் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதை இதற்கு உதாரணம் காட்ட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஏற்கெனவே ஈரம். நீர் தேங்கினால் காற்றும் உள்ளே போகாது. காய்ந்த மண்ணில் விழும் சின்ன மழை போதும்.

காரணத்தைக் கொஞ்சம் விரித்தால் சொல் தானே அமையும். மண் காயும்போது நுண்ணுயிர்களில் பல சாகும். மிச்சம் இருப்பவை ஈரத்தைப் பிடித்துவைக்கச் சில கரைபொருள்களைத் தங்களுக்குள்ளே சேர்த்துக்கொள்ளும். திடீரென்று தண்ணீர் வந்தால் செல்கள் உப்பும், சில வெடிக்கும், சில சேர்த்ததை வெளியே தள்ளும். பிழைத்தவை அதைத் தின்று மூச்சு விடும். மண்கட்டிகளும் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த மக்கிய பொருள் வெளியே வரும். நன்றாகக் காய்ந்த செவல் கட்டி ஒன்றை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: சரசரவென்று குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, கடைசியில் அடியில் சேறாகப் படியும். (அந்தக் குமிழி அடைபட்ட காற்று, நாம் பேசும் மூச்சு அது இல்லை. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.)

‘நனைவுத் துடிப்பு’ என்றும் ஒரு யோசனை வந்தது. துடிப்பு விடாமல் அடிப்பது. இது ஒரே வீச்சாகக் கிளம்பிச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ அடங்குவது. ‘பெருமூச்சு’ என்றால் மண்ணுக்கு என்ன கவலை என்று கேட்பார்கள். மண் எப்போதும் கார்பன் டை ஆக்சைடு விடுவதற்கு ‘மண் சுவாசம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதன் உறவாகவே இதுவும் இருக்கட்டும். ஊறுகாய் போல வினைத்தொகையாக ‘நனைமூச்சு’ என்பது என் தேர்வு. ‘மண் நனைமூச்சு விட்டது’ என்று வாக்கியத்திலும் உட்காருகிறது.

சொல் சீக்கிரம் வேண்டும். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன் கரிமக் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பது இதில் பாதிக்குச் சற்று மேல். வறட்சி நீண்டு, மழை விட்டுவிட்டுக் கொட்டும் காலத்தில் நனைமூச்சும் கணக்கில் சேர்ந்தாக வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி ஈரம் காயாத, மலைமேல் இருக்கும் கக்காச்சிச் சோலையிலும் வறண்ட நாள்கள் கூடினால் இது தலைகாட்டலாம்.

ஒன்று பாக்கி. மேலே ‘மண்கட்டி’ என்று எழுதிவிட்டேன். ஆனால் கட்டி என்றால் உழவில் புரளுவது; மண்துகள்கள் ஒட்டிச் சேர்ந்த ‘அக்ரிகேட்’டோ கடுகளவுக்குக் கீழேயும் இருக்கும். ‘மண்திரள்’ பொருந்துமா அண்ணாச்சி, இல்லை கொள்ளிடத்துக்கு வடக்கே வேறு ஏதும் சொல்கிறார்களா?