பைப்பில் ஓட்டை மேலே பார்க்கணுமா, கீழேயா?

பழைய மேஸ்திரி:
நேற்று வேறோர் இழையில் ஜல்லிக்கட்டு என்ற பெயரில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருவான்மியூரில் பேஸ்மென்ட் தோண்டுகிற ஒருவர், 10 அடியில் தண்ணீர் ஊறுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு ஜல்லிக்கட்டு கொடுத்த யோசனை: பள்ளத்தின் ஓரமாக வாய்க்கால் வெட்டுங்கள், 4 இன்ச் பிவிசி பைப்பில் ஓட்டை போடுங்கள், ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி ஜல்லிக்குள் புதையுங்கள், மூலையில் ஒரு சம்ப் எடுத்து மோட்டார் போடுங்கள். பைப் புதைப்பது சரி, சம்ப் சரி. ஓட்டை மேலேயா? தண்ணீர் அடியிலிருந்து ஏறி வருகிறது ஐயா! ஓட்டை மேலே இருந்தால் பைப்பின் தலை முழுகிய பிறகுதான் சொட்டு உள்ளே இறங்கும். ஓட்டை கீழேதான். 30 வருஷமாகக் கீழேதான்.

ஜல்லிக்கட்டு:
என் பெயரை இழுக்காமல் மேஸ்திரிக்கு ஓர் இழை தொடங்க வராது போல. ஓட்டையைக் கீழே வைத்தால், பைப்புக்குள் வந்த தண்ணீர் சம்புக்குப் போகிற வழியிலேயே அதே ஓட்டையில் ஒழுகி மண்ணுக்குப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்த கதை. இது புரிய 30 வருஷம் போதவில்லையா?

பழைய மேஸ்திரி:
சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது அது எங்கே ஒழுகும்? வெளியே மட்டம் உயரம், பைப்புக்குள் தாழ்வு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். கடிகாரம் தெரியுமல்லவா? பைப்பின் வாயில் 4 மணி முள் நிற்கிற இடத்தில் ஓட்டை ஒரு வரிசை, 8 மணிக்கு ஒரு வரிசை. அவ்வளவுதான்.

சிவில்2011:
இருவரும் ஒரு நிமிடம். வேலை நடக்கும்வரை நீர்மட்டத்தை இறக்குவது ஒன்று. கட்டி முடித்த பிறகும் சுவரோரம் நிரந்தரமாக ஓடும் வடிகால் வேறு. மேஸ்திரி சொல்கிற 4 மணி, 8 மணி எல்லாம் இரண்டாவதற்குப் பொருந்தும். முதலாவதில் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும், பைப்பும் பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் கிடக்கும். ஓட்டை எந்தப் பக்கம் இருந்தால் என்ன? கான்கிரீட் போட வேண்டுமென்றால் நீர்மட்டம் பள்ளத்தின் அடியைவிட 2 அடியாவது இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் சண்டை போடுவது ஒரு பைப்பின் குறுக்களவுக்கு, அதாவது 4 இன்ச்சுக்கு. ஹாலந்தில் இதற்கென்றே இயந்திரம் இருக்கிறது. மண்ணைக் கீறிக்கொண்டே போய், தேங்காய் நாரோ செயற்கை நாரோ சுற்றிய பைப்பை ஒரே ஓட்டத்தில் பல மீட்டர் ஆழத்தில் பதித்துவிடும். அந்தப் பைப்பில் சுற்றிலும் கீறல்.

பழைய மேஸ்திரி:
தம்பி, ஹாலந்தை விடுங்கள். மேலேயா கீழேயா, ஒரே வார்த்தை.

சிவில்2011:
சுற்றிலும்.

ஜல்லிக்கட்டு:
சுற்றிலும் என்றால் மேலேயும் இருக்கிறது. நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பழைய மேஸ்திரி:
சுற்றிலும் என்றால் கீழேயும் இருக்கிறது!

களிமண்:
பள்ளிக்கரணைப் பக்கம் வந்து பாருங்கள். பைப் புதைத்தோம், ஒரு வாரத்தில் வந்தது சில வாளித் தண்ணீர். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. இந்த வித்தையெல்லாம் கடற்கரை மணலில்தான். ஓட்டை எந்தப் பக்கம் வைத்தோம் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

பழைய மேஸ்திரி:
ஞாபகமில்லையா? அதனால்தான் வரவில்லை.

ஜல்லிக்கட்டு:
இந்த வடிகாலுக்குப் பெயரே பிரெஞ்சு டிரெயின் (drain). பிரான்ஸ்காரன் கண்டுபிடித்தது. அவனை விடவா உங்களுக்குத் தெரியும்?

சிவில்2011:
பிரான்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹென்றி பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது. விவசாய நிலத்து வடிகால் பற்றி 1859இல் புத்தகம் எழுதியவர். அந்தக் காலத்துச் சுட்ட மண் குழாயில் ஓட்டையே கிடையாது, துண்டுக்குத் துண்டு இருக்கும் சந்து வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும். இன்னொன்று, அவர் இன்ஜினியர் இல்லை, வக்கீல்.

பழைய மேஸ்திரி:
வக்கீல் ஓட்டையே போடவில்லை, ஜல்லிக்கட்டு மேலே போடுகிறார். நல்ல கூட்டு.

ஜல்லிக்கட்டு:
மேஸ்திரி சிரிக்கட்டும். போன வருஷம் இவருடைய சைட்டில் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் பிளந்ததே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? ராப்பகலாக மோட்டார் ஓட்டினார். வந்தது தேத்தண்ணீர் நிறத்துத் தண்ணீர். அதாவது பக்கத்து வீட்டுக் கடைக்காலின் கீழே இருந்த பொடிமணலும் சேர்ந்து வந்தது. ஓட்டை கீழே இருந்த லட்சணம்!

பழைய மேஸ்திரி:
அந்தச் சுவர் நான் போவதற்கு முன்பே விரிந்திருந்தது. படம் இருக்கிறது. உங்கள் தொட்டிக் கதையை நான் எடுக்கட்டுமா? தரையடித் தொட்டி கட்டி, மேலே மண்கூடப் போடாமல், ராத்திரி கரன்ட் போய் மோட்டார் நின்று, காலையில் பார்த்தால் தொட்டி ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. 1 மீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 1 டன் மேலே தள்ளும். காலித் தொட்டி அதற்கு முன்னால் படகு மாதிரி. ஜெனரேட்டர் வைக்கத் தெரியாதவர் எனக்கு ஓட்டை சொல்லித் தருகிறார்.

சிவில்2011:
மணல் வெளியேறாவிட்டாலும் சுவர் விரியலாம். நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடிமண்ணின் மேல் அதே 1 டன் பாரம் ஏறக்குறையக் கூடுகிறது. அடியில் இளகின களிமண் இருந்தால் அமுங்கும். அதனால்தான் பக்கத்துச் சுவர்களில் முன்கூட்டியே அடையாளம் போட்டு அளந்து வைக்கச் சொல்வது.

பழைய மேஸ்திரி:
சுவரை யார் கேட்டது? நான் கேட்டது ஓட்டை.

கடற்கரை வீட்டுக்காரர்:
அந்தத் திருவான்மியூர் பள்ளம் என்னுடையதுதான். பைப் புதைத்தாயிற்று. நேற்று மாலையிலிருந்து கலங்கலாக வருகிறது. சம்பின் அடியில் மணல் கொட்டிக் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

சிவில்2011:
சட்டென்று மோட்டாரை நிறுத்தாதீர்கள், பள்ளம் நிரம்பிக் கரை சரியும். வேகத்தைக் குறையுங்கள். மணலை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுகிற வடிதுணியைப் பைப்பைச் சுற்றி மட்டும் கட்டினீர்களா, ஜல்லியையும் சேர்த்து வாய்க்கால் முழுக்க விரித்தீர்களா? முக்கால் இன்ச் ஜல்லியை வெறும் மணலோடு ஒட்டிப் போட்டால் இடுக்கு வழியாக மணல் நடந்து வரத்தான் செய்யும்.

பழைய மேஸ்திரி:
அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஓட்டை எந்தப் பக்கம்?

கடற்கரை வீட்டுக்காரர்:
பார்க்கவில்லை ஐயா. நான் வருவதற்குள் ஜல்லி போட்டு மூடிவிட்டார்கள்.

ஜல்லிக்கட்டு:
மணல் வருகிறது என்றால் கீழேதான் வைத்திருக்கிறார்கள். சந்தேகமே வேண்டாம்.

பழைய மேஸ்திரி:
மேலேதான். மணல் மேலிருந்து விழுகிறது. தோண்டிப் படம் போடச் சொல்லுங்கள்.

களிமண்:
அவர் பள்ளம் சரியப் போகிறது, இவருக்குப் படம்.

பழைய மேஸ்திரி:
நீங்கள் பேசாதீர்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் என்றே ஞாபகமில்லை.