பாளையங்கோட்டையில் ஒத்திக்கு வீடு: பணம் கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

அம்பை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மகளின் கல்லூரிப் படிப்புக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிபெயர இருக்கிறோம். பெருமாள்புரத்தில் ஒரு கீழ்த்தள வீடு பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் மாதம் 9,000 ரூபாய் வாடகையும் 10 மாத முன்பணமும் கேட்கிறார். இல்லையென்றால் 6 லட்ச ரூபாய்க்கு ஒத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், 3 ஆண்டு கழித்துப் பணத்தை அப்படியே திருப்பித் தருகிறேன் என்கிறார். முத்திரைத்தாளில் எழுதினால் போதும், பதிவு வீண் செலவு என்றும் சொல்கிறார். இந்தத் தொகை என் கணவரின் பணிஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி. தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
அம்மா, வாடகைக்குப் போனால் நீங்கள் குடியிருப்பவர் மட்டுமே. ஒத்திக்குப் போனாலோ, அந்த வீட்டின் மேல் கடன் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக அதில் குடியிருப்பவர் ஆகிறீர்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி இது சுவாதீன அடமானம். தொகை 100 ரூபாயைத் தொட்டாலே பதிவு செய்த பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளை மட்டும் நம்பி 6 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, நாளை அந்த வீடு விற்கப்பட்டாலோ, வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தாலோ, உங்கள் பணத்துக்கு வீடு ஈடாக நிற்காது; வீட்டுக்காரரின் பின்னால் அலைய வேண்டியதுதான்.

ஆகவே பதிவுத்துறை இணையதளத்தில், அந்த வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்கு எடுத்துப் பாருங்கள். அதில் ஏற்கெனவே ஓர் அடமானம் பதிவாகியிருந்தால் முதல் உரிமை அந்தக் கடனைக் கொடுத்தவருக்கே. வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். தனியாரிடம் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் சான்றில் ஏறாமல் இருக்கக்கூடும். பத்திரத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் ஒத்தி வேண்டவே வேண்டாம்.

பாளை வழக்கறிஞர்:
அண்ணாச்சி சொன்னதை வழிமொழிகிறேன். வாடகையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் இது தேவையில்லை என்று நம் ஊரில் பலர் நம்புவது தவறு. முன்பணம் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை என்றும் சேர்த்தே சொல்கிறது. 10 மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது என்பதால், பேரத்தை அதற்கு முன்பே முடியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது.

ஆற்றங்கரைக் குடித்தனம்:
கீழ்த்தளம் என்றதும் மனம் பதறியதால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் வண்ணார்பேட்டையில் கீழ்வீட்டில் இருந்தோம். தாமிரபரணி நீர் வடிந்த பிறகு சுவரெல்லாம் சேற்றுக்கறை. பின்னர் காலி செய்தபோது, அந்தக் கறைக்கு வெள்ளையடிக்கும் செலவு என்று சொல்லி எங்கள் முன்பணத்தில் பாதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பெருமாள்புரம் ஆற்றங்கரை அல்ல. இருந்தாலும் அந்த மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், மீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மின் இணைப்பு தனியாக இருக்கிறதா, மாடிவீட்டோடு பொதுவா என்பதையும் பாருங்கள்; பொதுவாக இருந்தால் இலவச யூனிட் யாருக்கு என்பதில் தொடங்கி ஒவ்வொரு மின்கட்டணத்தின்போதும் மனக்கசப்புதான்.

அம்பை வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. மூலப் பத்திரத்தைக் கேட்டபோது, அது கடனுக்காக வங்கியில் இருப்பதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், ஒத்தியைக் கைவிட்டுவிட்டோம். வாடகைக்கு 4 மாத முன்பணம் வரை இறங்கி வந்திருக்கிறார். ஒப்பந்தத்தைப் பதிவது குறித்து வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகக் கூறியுள்ளார். அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதாக இல்லை.