பாம்பன்: 9 மாதம், இன்னும் உட்காரவில்லை

கேள்வி: மகனை வலைக்குவியலில் சாய்த்து உட்காரவைத்தால் இடப்பக்கமாகவே சரிகிறான். "அவன் அப்பனும் மெதுவாகத்தான் உட்கார்ந்தான்" என்கிறார் மாமியார். அங்கன்வாடியில் எடை சரி என்றார்கள். காத்திருக்கலாமா?

மண்டபம் அக்கா: குறைமாதப் பிள்ளையா, தங்கச்சி? அப்படியானால் முன்கூட்டிப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துக் கணக்கிட வேண்டும். எடையை மட்டும் நம்பாதே. என் மகளும் வளர்ச்சி அட்டையில் எடை சரி என்று காட்டும் பச்சைப் பகுதியில்தான் இருந்தாள்.

கேட்டவர்: நிறைமாதம்தான், அக்கா. கிலுகிலுப்பையை வலக்கையால் மட்டுமே பிடிக்கிறான். இடக்கை மூடியே கிடக்கிறது.

கீழக்கரை செவிலியர்: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஒரு வயதுக்குள் ஒரே கையைப் பயன்படுத்தினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். அவன் விளையாடுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே போனதும் தூங்கிவிடுவான்.