காமிக்ஸுக்குத் தமிழ்க் குரல்: வளவில் எதிரொலி, ஸ்கேனில் மங்கல்

தேவகோட்டை வாசகன்:
காற்று, நீர், மண், தீயை ஆளுகிறவர்களின் கதையான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடர் 2008இல் முடிந்தபின் கதை டார்க் ஹார்ஸ் காமிக்ஸாகத் தொடர்ந்தது. அதில் ஸூக்கோ தன் அம்மாவைத் தேடிப் போகும் ‘தி சர்ச்’ மூன்று பாகங்களையும் தமிழில் பேசி வீடியோவாக்க நாலு பேர் இறங்கியிருக்கிறோம். பழைய வீட்டு வளவில், அதாவது நடுமுற்றக் கூடத்தில், யூஎஸ்பி கண்டென்சர் மைக்கில் பதிவு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் இன்னும் கெட்டுப்போகிறது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்த சின்னக் கட்டங்களும் மங்கல். எதை முதலில் சரிசெய்வது?

ஒலிக்கூடம்:
முதலில் வளவை விட்டு வெளியே வாங்க. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, இதில் எதுவுமே ஒலியைக் குடிக்காது. நாய்ஸ் ரிடக்‌ஷன், ஃபேன் இரைச்சல் மாதிரி சீராக ஓடும் சத்தத்தைத்தான் கழிக்கும். எதிரொலி உங்கள் குரலேதான், பிந்தி வருகிறது. அதைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து அரிபடும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பெட்டியும் துணிமணியும் அடுக்கிய அறையைப் பிடியுங்கள். கை தட்டினால் ‘ணங்’கென்று இழுக்காமல் பட்டென்று அடங்க வேண்டும். இரண்டு பஞ்சு மெத்தைகளைப் பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால், மூலையில் நிமிர்த்தி வையுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள். அதில் பயன் குறைவு. முன்பக்கத்தைக் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குத் தன் முதுகுப்பக்கம் சரியாகக் கேட்காது. முன்னால் பேசுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான் கேட்கும். தரைக்கு ஜமுக்காளம், நாலாக மடித்து. முட்டை அட்டை வேண்டாம். சேலை தொங்கவிட்டாலும் போதாது: மெல்லிய துணி ‘ஸ’, ‘ஷ’ மாதிரி உச்ச ஒலிகளைத்தான் கொஞ்சம் தின்னும், அடிக்குரல் அப்படியே சுற்றும்.

வாய்க்கும் மைக்குக்கும் 15 செ.மீ., மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். இல்லாவிட்டால் ஒவ்வொரு ‘ப’வும் வெடிக்கும். பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. சண்டைக் காட்சிக்கு 30 செ.மீ. தள்ளி நின்று, கெயினையும் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவையும்) குறைத்துக்கொள்ளுங்கள். கத்தும் வசனங்களை அன்றைய கடைசியில் வையுங்கள். தொண்டை கட்டினால் அடுத்து எடுக்கும் வசனங்களில் பாத்திரத்தின் குரலே மாறிவிடும்.

தேவகோட்டை வாசகன்:
நன்றி அண்ணே. மூடிய அறை, மெத்தை, சித்திரை வெயில். ஃபேன் போடலாமா?

ஒலிக்கூடம்:
கூடாது தம்பி. விடியற்காலையில் தொடங்குங்க, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்று வாங்கிக்கிடலாம். ஒவ்வொரு அமர்விலும் யாரும் பேசாமல் 30 விநாடி பதிவு செய்து வைங்க. வசனங்களுக்கு இடையே முழு மௌனம் வைத்தால் காது அதை உடனே பிடிக்கும். அந்த அறை ஓசையை அங்கே நிரப்பணும்.

கட்டம் கட்டமாய்:
ஸ்கேன் கணக்கு எளிது. புத்தக அகலம் 6 அங்குலம், 300 டிபிஐயில் 1800 பிக்சல். அரைப்பக்க அகலக் கட்டம் 900 பிக்சல்தான். அதை வீடியோவின் 1920 பிக்சல் அகலத்துக்கு இழுத்தால் மங்காமல் என்ன செய்யும்? 600 டிபிஐயில் எடுங்கள். தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க ஓவியம் ஊடுருவாது. அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிந்தால் ஸ்கேனரில் அந்தப் புள்ளிகளை மழுப்பும் ‘டீஸ்கிரீன்’ வசதியைப் போடுங்கள். மூன்றிலொரு பங்கு அகலக் கட்டங்களைத் திரை நிறைய இழுக்கவே வேண்டாம், நடுவில் வைத்துவிடுங்கள்.

பலூன் எழுத்தை அழித்துத் தமிழ் எழுதலாம், ஆனால் குரல் இருக்கும்போது காலி பலூனே போதும். சத்த எழுத்துகளைத் தொடாதீர்கள். இந்தக் காமிக்ஸின் ஓவியர் குழு குரிஹிரு வரைந்த ஓவியத்தோடு அவை பின்னிக் கிடக்கின்றன, அழித்தால் வரைந்து நிரப்பவே நாள் போய்விடும். பாகத்துக்குச் சுமார் 75 பக்கம், பக்கத்துக்கு 5 கட்டம், கட்டத்துக்கு 5 விநாடி என்றால் அரை மணி நேரம் ஓடும். முதலில் குரல், பிறகே படம். குரலின் நீளத்துக்குக் கட்டத்தை வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் நீளமான தமிழ் வாக்கியத்தை நடிகர் விழுங்க நேரும்.

உரிமைப் பக்கம்:
இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மொழிபெயர்ப்பும் தழுவலும் உரிமையாளருக்கே. முழுப் புத்தகத்தையும் பேசி வெளியிடுவது 52ஆம் பிரிவின் நியாயமான பயன்பாட்டுக்குள் அடங்கும் என்று நம்பி இறங்காதீர்கள். காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் அது அனுமதி ஆகாது. பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை உங்கள் குழுவுக்குள் வைத்துக்கொள்வதுதான் முறை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (பதிப்புரிமை எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போகும். தொடரின் பின்னணி இசையைச் சேர்த்தால் உரிமையுள்ள இசையை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி தானாகவே பிடிக்கும்.

பின்னணி ஒலி:
மூலக் குரலைப் போலி செய்யாதீர்கள். ஸூக்கோவின் பெரியப்பா ஐரோவுக்கு ஆங்கிலத்தில் பேசிய நடிகர் மாக்கோ 2006இல் காலமானார், மூன்றாம் பருவத்தில் கிரெக் பால்ட்வின் பேசினார். அந்தத் தொடரே குரல் மாறித்தான் ஓடியது. ஒருவர் மூன்று பாத்திரம் பேசினால் சுருதியை மட்டும் மாற்றினால் போதாது, பேச்சு வேகத்தையும் மாற்றணும். மூவரும் ஒரே கட்டத்தில் வந்தால் ஆளை மாற்றுங்கள்.

சத்தங்களுக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. காற்றுக்குப் பனையோலை விசிறி: மைக்கை நோக்கி வீசாமல், 40 செ.மீ. தள்ளிக் குறுக்கே வீசுங்கள், நேரே வீசினால் காற்று மோதி இரையும். மண் பெயர்வதற்கு அம்மிக் குழவியை வெறும் கல்லில் இழுத்து, சுருதியை ஐந்து செமிடோன் (அரைச்சுரம்) இறக்குங்கள். தீக்குச் சாக்கை உதறும் ஒலியின் மேல் காய்ந்த தென்னோலை நொறுங்கும் ஒலி. எல்லாமே வசனத்தைவிட 10 டெசிபலாவது கீழே இருக்கட்டும். கடைசிக் கலவை மைனஸ் 14 லஃப்ஸ் (மொத்த ஒலி உரப்பின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். அதற்கு மேல் ஏற்றினாலும் யூடியூப் இறக்கிவிடும்.