யார்க் கோமகள் பட்டம்: ஒரே சமயத்தில் இரண்டு பேரா?

மாடப்புறா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களைப் பற்றி, அதாவது 15ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் குடும்பங்கள் போட்ட சண்டையைப் பற்றி, கொஞ்ச காலமாக விடாமல் படித்து வருகிறேன். கூடவே ஒரு வம்சாவளி அட்டவணையும் போடுகிறேன். யார்க் கோமகன்களை (டியூக்) வரிசையாக எழுதுவதில் சிக்கல் இல்லை. 1385இல் எட்மண்டில் தொடங்கினால் யார், எப்போது, எந்தப் போரில் இறந்தார் என்பதெல்லாம் கிடைத்துவிடுகிறது. மனைவிமார் பக்கம் வந்தால்தான் தலை சுற்றுகிறது. செசிலி நெவில் 1495இல் சாகும் வரை யார்க் கோமகள் (டச்சஸ்) தான் என்று ஓரிடத்தில் இருக்கிறது. 1478இல் ஆன் மௌப்ரே என்ற ஐந்து வயதுக் குழந்தை யார்க் கோமகள் ஆனாள் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. ஒரே பட்டத்தை இரண்டு பேர் எப்படி வைத்திருக்க முடியும்? கணவர் அரசரானால் அந்தப் பட்டம் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கோட்டைவாசல் சொன்னது:

இரண்டு என்ன, மூன்று பேர் இருந்த காலமும் உண்டு. பட்டம் கோமகனுடையது. மனைவிக்கென்று தனியாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. திருமணம் முடிந்ததுமே அவர் கோமகள். கணவர் இறந்த பிறகும் அந்தப் பெயர் அவரோடுதான் இருக்கும். அடுத்த கோமகன் கல்யாணம் செய்தால் அவர் மனைவியும் கோமகள். 1429 வாக்கில் செசிலி மணமாகி வந்தபோது முதல் கோமகனின் விதவை ஜோன் ஹாலண்டும் உயிரோடு இருந்தார், இரண்டாம் கோமகனின் விதவை பிலிப்பாவும் உயிரோடு இருந்தார். பிலிப்பாவின் கணவர் எட்வர்ட் 1415இல் அஜின்கோர்ட் போரில் இறந்தவர். ஆக, உங்கள் அட்டவணையில் ஒரு கோமகனுக்கு நேரே ஒரு கோமகள் என்று கட்டம் போட்டால் சரிவராது. ஒவ்வொரு பெண்ணுக்கும் மணமான ஆண்டு, இறந்த ஆண்டு என்று தனிக்கோடு இழுங்கள்.

கணவர் அரசரானால் பட்டம் முடியாட்சியில் கரைந்துவிடும். மனைவி அரசியாகிவிடுவார். தம்பிக்குத் தானாகப் போகாது. அரசர் மறுபடி புதிதாக உருவாக்கினால்தான் உண்டு. 1461இல் நான்காம் எட்வர்ட் அரசரானபோது யார்க் பட்டம் இப்படித்தான் கரைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பட்டம் ஒருமுறைகூடத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனதே இல்லை. வைத்திருந்தவர் அரசராகிவிடுவார், இல்லையென்றால் ஆண் வாரிசு இல்லாமல் போய்விடுவார்.

இனி செசிலிக்கு வருகிறேன். இந்தப் பட்டத்தைச் சுமந்த பெண்களில் என் மனம் அதிகம் நிற்பது அவரிடம்தான். ஆங்கில வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

வெஸ்ட்மோர்லாந்து பிரபு ரால்ஃப் நெவிலின் கடைக்குட்டி மகள், 1415இல் பிறந்தவர். 1459 அக்டோபரில், அரசர் ஆறாம் ஹென்றியை எதிர்த்து நின்ற அவர் கணவர், மூன்றாம் யார்க் கோமகன் ரிச்சர்டின் படை லட்லோ அருகே கலைந்து ஓடியது. ரிச்சர்ட் அயர்லாந்துக்குத் தப்பினார். செசிலி சிறு பிள்ளைகளோடு லட்லோவிலேயே நின்றார். அரசரின் ஆட்கள் ஊரைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு அவரைக் கொண்டுபோய் வைத்தது எங்கே என்றால், எதிர்க்கட்சியில் இருந்த சொந்த அக்கா, பக்கிங்ஹாம் கோமகள் ஆனின் காவலில். கணவரின் சொத்தையெல்லாம் நாடாளுமன்றம் பறித்துவிட்டு, இவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 1,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) ஒதுக்கியது.

அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. 1460 அக்டோபரில் ஆறாம் ஹென்றிக்குப் பிறகு ரிச்சர்டுதான் அரசர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. செசிலி அரசியாவதற்கு ஒரு படிதான் பாக்கி. டிசம்பர் 30ஆம் தேதி வேக்ஃபீல்டில் ரிச்சர்ட் கொல்லப்பட்டார். 17 வயது மகன் எட்மண்டும் அன்றைக்கே போனான். ரிச்சர்டின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, யார்க் நகரத்தின் மிக்கில்கேட் வாயிலில் நட்டுவைத்தார்கள். எந்த நகரத்தின் பெயரைப் பட்டமாகச் சுமந்தாரோ, அதே நகரத்தின் வாசலில்.

இரண்டு மாதம் கழித்து மூத்த மகன் நான்காம் எட்வர்டாக அரசேறினார். செசிலி அரசரின் தாய், அரசி அல்ல. ஆனால் அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. தன் கணவர் உரிமைப்படி இங்கிலாந்தின் அரசர் என்றே ஆவணங்களில் எழுதவைத்தார். யார்க் கோமகள் என்ற பெயரை அவர் சுமந்த விதத்தில் அந்தக் கோரிக்கை முழுக்க அடங்கியிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1478இல் ஒரு மகன் இன்னொரு மகனின் கட்டளையால் கொல்லப்பட்டான். 1483இல் பேரப்பிள்ளைகள் இருவர் லண்டன் கோபுரத்தில் காணாமல் போனார்கள். 1485இல் கடைசி மகன் மூன்றாம் ரிச்சர்ட் பாஸ்வொர்த்தில் விழுந்தான். எல்லாவற்றுக்கும் பிறகு அவர் பெர்க்ஹாம்ஸ்டெட் கோட்டையில் ஒரு மடத்து ஒழுங்கோடு வாழ்ந்தார். அவர் வீட்டு நடைமுறைக் குறிப்பு இன்றும் இருக்கிறது: காலை 7 மணிக்கு எழுந்து செபம், பகலுணவின்போது பக்தி நூல் ஒன்றை வாசிக்கக் கேட்பது, உணவுக்குப் பின் மனு கொடுக்க வந்தவர்களை ஒரு மணி நேரம் பார்ப்பது, கால் மணி நேரம் தூக்கம். பகலில் கேட்ட வாசிப்பை இரவுச் சாப்பாட்டில் கூட இருப்பவர்களுக்குத் தானே திருப்பிச் சொல்வார். பிறகு தோழிப்பெண்களோடு சிரித்துப் பேசுவார், ஒரு கிண்ணம் ஒயின் குடிப்பார். 8 மணிக்குப் படுக்கை. அத்தனை சாவு பார்த்த ஒருவரின் நாளில் சிரிப்புக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பதைப் படித்தபோது புத்தகத்தை மூட மனம் வரவில்லை எனக்கு.

1494இல் ஏழாம் ஹென்றி தன் மூன்று வயது மகனுக்கு யார்க் கோமகன் பட்டம் கொடுத்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளைய எட்டாம் ஹென்றி, செசிலிக்குக் கொள்ளுப்பேரன். அடுத்த ஆண்டு மே மாதம் செசிலி 80 வயதில் இறந்தார். ஃபோதரிங்ஹே தேவாலயத்தில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம். முதலாம் எலிசபெத் காலத்தில் அந்தக் கல்லறைகளை இடம் மாற்றத் திறந்தபோது, அவர் கழுத்தில் பட்டு நாடாவில் கட்டிய ஒரு பாவமன்னிப்புச் சீட்டு இருந்ததாம். ரோமிலிருந்து வாங்கியது, நேற்று எழுதியதுபோல் எழுத்து தெளிவாக இருந்தது என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது.

ஆன் மௌப்ரேவையும் விட்டுவிடக் கூடாது. நார்ஃபோக் சொத்துக்கு ஒரே வாரிசு. அந்தச் சொத்துக்காகத்தான் நான்காம் எட்வர்ட் தன் நான்கு வயது மகன் ரிச்சர்டுக்கு அவளை வெஸ்ட்மின்ஸ்டரில் கட்டிவைத்தார். எட்டு வயதில் அவள் இறந்தபோதும் சொத்தை உறவினருக்கு விடாமல், நாடாளுமன்றச் சட்டம் போட்டு மகன் பேரிலேயே நிறுத்தினார். அந்தச் சிறுவன்தான் கோபுரத்தில் காணாமல் போன இருவரில் இளையவன். 1964இல் கிழக்கு லண்டனில் கட்டட வேலை செய்தவர்கள் மண்ணுக்கடியில் ஒரு சின்ன ஈயப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். உள்ளே அவள், தலைமுடிகூட மிச்சம் இருந்தது. அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

மாடப்புறா சொன்னது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. 1495க்குப் பிறகு என் பட்டியலில் அடுத்த பெயர் ஆன் ஹைட், 1660. நடுவில் 165 ஆண்டு யாருமே இல்லையா, நான் யாரையாவது விட்டுவிட்டேனா?

ஈரநிலம் சொன்னது:

விடவில்லை. எட்டாம் ஹென்றியும் முதலாம் சார்லஸும் சிறுவயதில் யார்க் கோமகன்கள். மணமானபோது அந்த நிலையில் இல்லை. அதனால் இடைவெளி சரிதான்.

ஆன் ஹைட் பற்றிக் கோட்டைவாசல் அக்கா எழுதுவார் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சார்லஸின் அமைச்சர் எட்வர்ட் ஹைடின் மகள். அரச குலம் இல்லை, வக்கீல் குடும்பம். சார்லஸின் தம்பி ஜேம்ஸ் அவரிடம் மணவாக்குக் கொடுத்தார். பெண் கருவுற்ற பிறகு 1660 செப்டம்பர் 3ஆம் தேதி இரவில், அப்பா வீட்டிலேயே ரகசியத் திருமணம். விஷயம் வெளியே வந்ததும் பெற்ற தகப்பனே மகளைக் கோபுரத்தில் அடைக்கச் சொன்னார். அவரே பின்னால் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். சர் சார்லஸ் பெர்க்லி என்ற அரண்மனை ஆள், அந்தப் பெண்ணோடு எனக்கும் உறவு இருந்தது என்று பொய் சொன்னார், பிறகு பொய் என்று ஒப்புக்கொண்டார். நிறைமாதக் கர்ப்பிணியின் தலையில் இத்தனையும். இரண்டாம் சார்லஸ் மட்டும், ஆனது ஆனதுதான், திருமணம் செல்லும் என்று நின்றார்.

எட்டுப் பிள்ளைகளில் நிலைத்தது இரண்டு பெண்கள்: இரண்டாம் மேரி, ஆன். இருவருமே ஆட்சி செய்த அரசிகள். தாய் அதைப் பார்க்கவில்லை. 1671இல் 34 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார், கோமகளாகவே.

அடுத்து வந்தவர் மொடெனாவின் மேரி, 1673இல், 15 வயதில். கத்தோலிக்கர் என்பதால் நாடாளுமன்றத்துக்குப் பிடிக்கவில்லை. நியூயார்க்குக்குப் பெயர் தந்தவர் கணவர் ஜேம்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நியூயார்க்கில் 1683இல் உருவான டச்சஸ் கவுண்டி இந்த மேரியின் பட்டத்தால் பெயர் பெற்றது. 1685இல் அரசியானார், மூன்றே ஆண்டில் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

வெள்ளிமீன் சொன்னது:

20ஆம் நூற்றாண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1923 ஏப்ரல் 26ஆம் தேதி எலிசபெத் போவ்ஸ்-லயன் மணமானபோது, மனைவி கணவரின் நிலையைப் பெறுவது நிலைத்துவிட்ட பொது விதி, அதன்படி இவர் இளவரசி நிலையோடு மேதகு (Her Royal Highness) யார்க் கோமகள் என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். சரியாக 14 ஆண்டில் அந்த விதி தளர்ந்தது. பதவி துறந்த எட்டாம் எட்வர்ட் வாலிஸ் சிம்ப்சனை மணந்தபோது, 1937 மே மாதத்து அரசாணை மேதகு என்ற அடைமொழியைக் கணவரோடு நிறுத்திவிட்டது. வாலிஸ் வின்ட்சர் கோமகள் மட்டும்தான். அப்போது அரியணையில் இருந்தவர் முன்னாள் யார்க் கோமகன். அவருடைய அரசிதான் அதே எலிசபெத். வாலிஸ் மீது நமக்கு என்ன கருத்து இருந்தாலும், பொது விதியை ஒரு பெண்ணுக்காக மட்டும் மாற்றியது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

விவாகரத்துக்கு வேறு கணக்கு. 1996இல் யார்க் கோமகன் ஆண்ட்ரூவிடமிருந்து சாரா விவாகரத்துப் பெற்றபோது மேதகு போயிற்று. பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் ஒட்டி, சாரா, யார்க் கோமகள் என்று எழுதிவந்தார். 2025 அக்டோபரில் ஆண்ட்ரூ பட்டத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தியபோது சாராவும் நிறுத்திவிட்டார்.

கோட்டைவாசல் சொன்னது:

ஈரநிலம், ஆன் ஹைட் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. ஒரே ஒரு பெயர் மிச்சம்: பிரஷ்யாவின் பிரெடெரிக்கா. 1791இல் மணமாகி வந்தார். லண்டன் பத்திரிகைகளுக்கு அவர் சின்னப் பாதத்தைத் தவிர வேறு பேச்சில்லை. கேலிச்சித்திரக்காரர் கில்ரே, ஒரு பெரிய காலணி ஜோடிக்கு நடுவில் ஒரு குட்டிக் காலணி ஜோடியை மட்டும் வரைந்து ஓட்டினார். பிள்ளை இல்லை, கணவரும் பிரிந்து வாழ்ந்தார். இவர் வெய்பிரிட்ஜ் பக்கம் ஓட்லண்ட்ஸ் மாளிகையில் நாய்கள் புடைசூழ இருந்தார், செத்த நாய்களுக்குக் கல் நட்டார், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர் 1820இல் இறந்ததும் வெய்பிரிட்ஜ் மக்கள் அவர் நினைவாக ஒரு தூண் நிறுத்தினார்கள். லண்டன் செவன் டயல்ஸ் சந்திப்பிலிருந்து எப்போதோ பிடுங்கிப்போட்ட பழைய தூண்தான் அது. இன்றும் நிற்கிறது.

அட்டவணையில் அவருக்குப் பிறகு 1893 வரை வெற்றிடம் விடுங்கள். அந்த ஜூலையில்தான் டெக் மேரி வருகிறார்.