வீட்டை முதலில் முடிவு செய்வதா, பள்ளியையா? திருச்சியில் பங்கும் பங்குப் பள்ளியும்

கேள்வி: ஓசூர்க் குடும்பத்தலைவி

அனைவருக்கும் வணக்கம். கணவரின் பணிமாற்றம் காரணமாக நாங்கள் வரும் மே மாதம் ஓசூரிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்கிறோம். மகன் ஆறாம் வகுப்புக்கும் மகள் மூன்றாம் வகுப்புக்கும் செல்ல இருக்கிறார்கள். மகள் அடுத்த ஆண்டு புதுநன்மை (முதல்முறையாக நற்கருணை) வாங்க வேண்டும். எங்கள் முன் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று பாலக்கரைப் பக்கம். பங்குக் கோயிலும் (அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான கோயில்) அதன் வளாகத்திலேயே உள்ள அரசு உதவி பெறும் பள்ளியும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. மற்றொன்று புறநகரில்; அருகிலேயே கன்னியர் நடத்தும் சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறது, ஆனால் அங்குள்ள கோயில் கிளைப்பங்கு (வேறொரு பங்கிலிருந்து சாமியார் வந்துபோகும் இடம்) என்பதால் ஞாயிறு ஒரு திருப்பலி (பூசை) மட்டுமே. என் மாமனார் பள்ளியின் பெயரைப் பார்க்கச் சொல்கிறார். எனக்கோ பிள்ளைகள் வளரப்போகும் பங்கும் அதே அளவுக்கு முக்கியமாகப் படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, வணக்கம். ‘கத்தோலிக்கப் பள்ளி’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதை நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்து உள்ளே எல்லாமே மாறும். பெயர்ப்பலகையில் ‘ஆர்.சி.’ (ரோமன் கத்தோலிக்க) என்றிருப்பது பெரும்பாலும் மறைமாவட்டத்தின், அதாவது ஆயரின் நிர்வாகத்திலுள்ள, பள்ளி. பல இடங்களில் பங்குத்தந்தையே அதன் தாளாளராகவும் இருப்பார், ஆகவே அவர் மாறுதலாகிப் போகும்போது பள்ளியின் போக்கும் சற்றே மாறும். துறவற சபையாரின் பள்ளிகளில் அந்தந்தச் சபையின் பழக்கம் நீடிக்கும். ஆனால் அவை பங்கோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை.

உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. தமிழ்வழிப் பிரிவில் கட்டணச் சுமை இராது. அதே வளாகத்தில் நடக்கும் ஆங்கிலவழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாக இருக்கும். இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் விளைவு பிற்காலத்தில்தான் தெரியும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின்கீழ் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கு, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 2020 இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடோ அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளி போலத்தானே என்று எண்ணிக்கொண்டிருந்து பன்னிரண்டாம் வகுப்பில் வந்து ஏமாந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள்: கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் நிர்வாகம் சிறு தொகை கொடுத்துத் தற்காலிகமாக ஒருவரை வைத்திருக்கிறதா? பள்ளியின் நூற்றாண்டுப் பெருமையைவிட இதற்குக் கிடைக்கும் பதில் உங்கள் மகனுக்கு அதிகம் உதவும்.

மறுமொழி: மறைக்கல்வி ஆசிரியர்

சகோதரி, பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பங்கை உங்கள் வீட்டு முகவரி தேர்ந்தெடுத்துவிடும். பங்கு என்பது பொதுவாக எல்லை வகுக்கப்பட்ட நிலப்பகுதி என்று 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 518) சொல்கிறது. புதன்கிழமை நவநாளுக்குச் சகாயமாதா கோயிலுக்கோ, திருவிழாவுக்கு லூர்து அன்னை ஆலயத்துக்கோ யாரும் போகலாம். ஆனால் குடும்ப அட்டை, புதுநன்மை, உறுதிபூசுதல், பிற்காலத்தில் திருமண ஓலை வாசிப்பு (கோயிலில் திருமணத்தை முன்கூட்டி அறிவிப்பது) ஆகியவை எல்லாம் நீங்கள் குடியிருக்கும் பங்கில்தான் நடக்கும். ஆகவே வீட்டை முடிவு செய்வதே பங்கை முடிவு செய்வது.

மகளைப் பொறுத்தவரை புறநகர்க் கிளைப்பங்கு எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. நான் சில ஆண்டுகள் அப்படி ஓர் இடத்தில் கற்பித்தேன். திருப்பலி முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் ஒரே பாயில் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் உட்காருவார்கள். சிறியவர்களுக்குச் சிலுவை அடையாளம் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர்களிடம் பத்துக் கட்டளைகளைக் கேட்க வேண்டும். அடுத்த ஊர்த் திருப்பலிக்குப் புறப்பட்ட சாமியாரின் வண்டிச் சத்தம் கேட்டவுடன் பாதிப் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். பெரிய பங்கில் வகுப்புவாரியாக ஆசிரியரும் வருகைப்பதிவும் இருக்கும். ஆனால் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அந்தச் சிறு இடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் எனக்குத் தெரிந்திருந்தது.

பள்ளியில் மறைக்கல்வி நடக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று அட்டவணையில் எழுதியிருப்பது உண்மைதான். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது அந்த வேளை யாருக்குப் போகிறது என்று ஏதாவது ஒரு மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். ஓசூரை விட்டுக் கிளம்புமுன் பங்குத்தந்தையிடம் அறிமுகக் கடிதமும், பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழ் நகல்களும் வாங்கிவிடுங்கள்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தந்தை

முந்தைய இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலருக்குக் கசக்கலாம். பழைய பங்கு என்றால் பழைய சாதி வழக்கமும் அங்கே எஞ்சியிருக்கலாம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைச் சாதியின் பேரில் பிரித்து நின்ற சுவரைப் பற்றிச் செய்தித்தாள்களில் எழுதப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். எனவே கோயிலின் கோபுரத்தைப் பார்த்த கையோடு கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பங்குப் பேரவையில் எந்தெந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள், தேரின் முன்னால் நிற்பவர்கள் யார், பீடச்சிறார் (திருப்பலியில் சாமியாருக்கு உதவும் பிள்ளைகள்) எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

நாங்கள் முன்பு வேறோர் ஊரில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். எங்கள் தெரு அன்பியம் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழு) மாதந்தோறும் வீடு வீடாகக் கூடியது. எங்கள் வீட்டு முறை மட்டும் வரவேயில்லை. யாரும் தவறாக ஒரு சொல் பேசியதில்லை. மூன்று வீடு தள்ளிச் செபமாலைச் சத்தம் கேட்கும், என் மனைவி சன்னலைச் சாத்திவிடுவாள். அங்கே பள்ளி நல்ல பள்ளிதான். இப்போது இருக்கும் பங்கில் என் தாய் இறந்தபோது, சொல்லி அனுப்புவதற்கு முன்பே அன்பியத்தார் நாற்காலிகளோடு வந்து நின்றார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்தத் தெருவின் அன்பியக் கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற வாரம் நேரில் சென்று வந்தோம். பாலக்கரைப் பக்கத்துப் பள்ளியில் கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், அறிவியலுக்கு இல்லை. தலைமையாசிரியை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அன்பியக் கூட்டத்துக்கும் போனோம். நற்செய்தி வாசித்து முடிந்ததும் ஒரு பாட்டி என் மகளைப் பக்கத்தில் அழைத்து, கையில் சுண்டலைக் கொடுத்து, எந்தப் பாடல் தெரியும் என்று கேட்டார். கல்லறைத் தோட்டத்தையும் சுற்றி வந்தோம், சுவர் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம். மகனுக்குத் தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதில் மட்டும் மாமனாரோடு பேச்சு இன்னும் முடியவில்லை.