கொடை விழா வில்லுப்பாட்டுப் பதிவைத் தரம் குறையாமல் வெட்டி ஒட்டுவது எப்படி?

பொருநைக்கரையான் கேட்டது:

அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சுடலைமாடசாமி கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை, ஸ்டாண்டில் நிறுத்திய ஒரே கேமராவில் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்தோம். ஏவிசிஎச்டி வகை (வீடியோ கேமராக்கள் உயர்தரக் காட்சியைப் பதியும் ஒரு முறை), 1920×1080, வினாடிக்கு 17 மெகாபிட். ஆறு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 46 ஜிபி வந்திருக்கிறது. கேமரா அதை 2 ஜிபிக்கு ஒன்றாக முறித்து, எண் வரிசையில் எம்டிஎஸ் கோப்புகளாக வைத்திருக்கிறது.

தீபாராதனைக்காகப் பாட்டு நின்ற நேரத்தையும் மைக் கோளாறைச் சரிசெய்த நேரத்தையும் மட்டும் நீக்கித் தரும்படி ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தோம். திரும்பி வந்த கோப்பு 4 ஜிபிதான். புலவர் வீசுகோலை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் கோல் சீப்புப் பற்களைப் போல வரிவரியாகப் பிளந்து தெரிகிறது. மூலப் பதிவில் வில்லில் கட்டிய மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்; இதில் அவை ஒரே மஞ்சள் தீற்றலாகக் கலங்கிக் கிடக்கின்றன.

ஆகவே நாங்களே செய்துகொள்ள எண்ணுகிறோம். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, மீதியை மூலத் தரத்திலேயே ஒட்ட முடியுமா? எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழி வீடியோ நிரலைக் கொண்டு கோப்புகளை வரிசையாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு ஒட்டிலும் குடத்தின் தாளம் ஒரு கணம் அறுந்து பிறகு தொடர்கிறது. இதற்கு என்ன காரணம்? மேலும், தம்பி செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த சாமியாட்டத்தையும் நடுவில் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு வழி உண்டா?

ஒளித்தடம் பதில்:

முதலில் ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேரம் 4 ஜிபிக்குள் அடங்கியது என்றால் வினாடிக்கு ஒன்றரை மெகாபிட்தான் கிடைத்திருக்கிறது; அதாவது மூலத்தில் இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு. கோல் பிளந்து தெரிவதற்குக் காரணம் வேறு. உங்கள் கேமரா இன்டர்லேஸ் முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த முறையில் ஒரு ஃபிரேமின் (காட்சியில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களில் ஒன்றின்) ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளியில் தனித்தனியே பிடிக்கப்படுகின்றன. அதை முழு ஃபிரேம் என்று கருதி மறுபடியும் ரெண்டர் செய்தால் (படத்தை விரித்துப் புதிதாகச் சுருக்கி எழுதினால்), வேகமாக அசையும் பொருள் இப்படித்தான் வரிவரியாகப் பிரியும். அசையாத குடம் ஒழுங்காகத் தெரிவதையும் கவனித்திருப்பீர்கள்.

ரெண்டர் செய்யாமலே வெட்டலாம். ஆனால் நினைத்த இடத்தில் எல்லாம் வெட்ட முடியாது. ஏவிசிஎச்டி பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்க முறைக் காட்சியில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. கீஃபிரேம் எனப்படும் ஒன்று மட்டுமே முழுப் படம். அதைத் தொடர்ந்து வருபவை, முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து எது மாறியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துவைத்திருக்கும். எனவே நீங்கள் வைத்துக்கொள்ளும் துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க வேண்டும். முடிவில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. சில ஃபிரேம்கள் முன்பின்னாகப் போகலாம், அவ்வளவே. நடுவில் தொடங்கினால் ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்க, படம் அடுத்த கீஃபிரேம் வரும்வரை உறைந்தோ கட்டம் கட்டமாக உடைந்தோ நிற்கும். ஏவிசிஎச்டி பதிவுகளில் கீஃபிரேம் பெரும்பாலும் அரை வினாடிக்கு ஒன்று வந்துவிடும் என்பதால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. இணையத்திலிருந்து இறக்கிய காட்சிகளில் பத்து வினாடிக்கு ஒன்று என்றும் இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டுவதுதான் உண்மையான தொல்லை.

தாளம் அறுவதற்கு வருவோம். கேமரா 2 ஜிபி எல்லையை எட்டியதும் ஃபிரேம் முடிந்ததா, ஒலித்துண்டு முடிந்ததா என்று பார்க்காமல் அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. ஒரு துண்டின் தலை முதல் கோப்பின் கடைசியிலும், வால் அடுத்த கோப்பின் தொடக்கத்திலும் கிடக்கும். இரண்டையும் தனித்தனிக் காட்சிகளாகத் திறந்து சேர்க்கும் எந்த நிரலும் அந்த அரைகுறைத் துண்டுகளைக் கழித்துவிடுகிறது. எனவே அவற்றை முதலில் பைட் பைட்டாக ஒரே கோப்பாக இணைக்க வேண்டும். விண்டோஸில் காப்பி கட்டளையை பைனரிக் குறியோடு கொடுத்தால் போதும். லினக்ஸில் கேட் கட்டளை. கட்டளைகள் பழக்கமில்லை என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச நிரலில் முதல் கோப்பைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றை 'கூடுதல் பாகங்கள்' என்ற தேர்வில் சேருங்கள். பக்கத்திலேயே உள்ள 'பின்னால் ஒட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய சிக்கலே திரும்ப வரும். இடையில் கேமராவை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டிருந்தால் மட்டும், அந்த இடத்துக்குப் 'பின்னால் ஒட்டு' சரி; ஏனெனில் அங்கே நேரக்குறிகள் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

பொருநைக்கரையான்:

மிக்க நன்றி அண்ணாச்சி. கூடுதல் பாகங்களாகச் சேர்த்ததும் தாளம் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரே எம்கேவி கோப்பு இருக்கிறது. வெட்டுவதற்கும் இதே நிரல் போதுமா? கோயில் கமிட்டியார் தொடக்கத்தில் ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுத்தாக வர வேண்டும் என்று கேட்கிறார்கள். அதையும் ரெண்டர் இல்லாமல் செய்ய முடியுமா?

பாளை வீடியோக்காரன் பதில்:

வெட்டுவதற்கு அதே நிரல் போதும். வெளியீட்டுப் பகுதியில் நேரப் பகுதிகளாகப் பிரிக்கும் தேர்வு இருக்கிறது. வைத்துக்கொள்ள வேண்டிய பகுதிகளின் தொடக்க, முடிவு நேரங்களைக் கொடுத்து, இரண்டாவது பகுதி முதல் முன்னால் கூட்டல் குறி இட்டால் எல்லாம் ஒரே கோப்பாக ஒட்டி வரும். திரையில் பார்த்துக்கொண்டே வெட்ட விரும்பினால் லாஸ்லெஸ்கட் என்ற நிரல் வசதியானது. அதில் கீஃபிரேமுக்குக் கீஃபிரேம் தாவிப் பார்க்கலாம். அதே நிரலில் உள்ள ஸ்மார்ட் கட் என்ற வசதி, வெட்டும் இடத்திலிருந்து அடுத்த கீஃபிரேம் வரை மட்டும் ரெண்டர் செய்து மீதியை அப்படியே ஒட்டுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும் அது இன்னும் சோதனை நிலையில் உள்ளது. இன்டர்லேஸ் பதிவில் நான் அதை நம்ப மாட்டேன்.

வில்லுப்பாட்டில் வெட்டும் இடத்தைக் காதால் தேடுங்கள். ஒரு பாட்டு முடிந்து, தாளம் ஓய்ந்து, புலவர் வசனத்தைத் தொடங்குவதற்கு முன் ஓரிரு வினாடி அமைதி இருக்கும். அதற்குள் இரண்டு கீஃபிரேமாவது கிடைத்துவிடும். தாளம் ஓடும்போது வெட்டினால், ஃபிரேம் சரியாக அமைந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். என்னைக் கேட்டால் எதையும் வெட்டவே வேண்டாம். எம்கேவி கோப்பில் அத்தியாயக் குறிகள் இடலாம்: மாடன் பிறப்பு, தீபாராதனை, அடுத்த கதை என்று பெயர் கொடுத்து வைத்தால், பார்ப்பவர் தமக்கு வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்வார். நன்கொடையாளர் பெயர்களை மைக்கில் வாசித்த நேரத்தை வெட்டிவிட்டு, அடுத்த கொடை வரைக்கும் ஊரில் பேச்சு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்தைப் படத்தின் மேலேயே பதிக்க வேண்டும் என்றால் அந்தப் பகுதியை ரெண்டர் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அதற்குப் பதிலாக முதல் பத்து வினாடிக்கு மட்டும் ஒரு சப்டைட்டில் எழுதி, கோப்பைத் திறந்தாலே தெரியும்படி இயல்புநிலையில் வைத்துவிடுங்கள். படத்தைத் தொட வேண்டியதில்லை.

செல்போன் காட்சியை இதன் நடுவில் நேரடியாக ஒட்ட முடியாது. கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), அளவு, ஃபிரேம் வேகம், ஒலியின் வகை எல்லாமே ஒத்திருந்தால்தான் ரெண்டர் இல்லாத ஒட்டு நிற்கும்; செல்போன் பதிவில் ஃபிரேம் வேகமே நிலையாக இருப்பதில்லை. அதைத் தனிக் கோப்பாகவே கொடுத்துவிடுங்கள். அது பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தால், சுழற்சிக் குறியை மட்டும் மாற்றினால் போதும். படத்தைத் திருப்பி ரெண்டர் செய்ய வேண்டாம்.

கரிசல்நிலத்தான் பதில்:

மேலே சொன்னவற்றோடு எனக்கும் உடன்பாடுதான். அத்தியாயக் குறிகளை மட்டும் எல்லா டிவியும் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணினியில் விஎல்சி என்ற நிரலில் நன்றாக வேலை செய்யும். ஊரில் பெரும்பாலோர் பென் டிரைவை டிவியில் செருகித்தான் பார்ப்பார்கள் என்றால், மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்த கோப்புகளையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. உங்கள் கணக்கில் ஒரு மணி நேரமே ஏழரை ஜிபிக்கு மேல் வருகிறது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுவதற்கு முன், அந்த டிவி அதைப் படிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், அவர்கள் எப்படியும் மறுபடியும் ரெண்டர் செய்வார்கள் என்பதால் இந்த 46 ஜிபியையே ஏற்றுங்கள். சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு 12 மணி நேரம், 256 ஜிபி வரை அனுமதி உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் ஸ்டுடியோ செய்ததையே அதுவும் செய்யும். டாக்குமென்ட்டாக அனுப்பவும் 2 ஜிபி எல்லை இருப்பதால் கால் மணி நேரத் துண்டுகள்தான் போகும்.

கார்டில் உள்ள மூலத்தை அழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ஃபிரேம்எம்டி5 என்ற வெளியீட்டு வகை இருக்கிறது. அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதித் தரும். வெட்டிய கோப்பின் எண்களும் மூலத்தில் அதே பகுதிக்கு உரிய எண்களும் ஒன்றாக இருந்தால் ஒரு புள்ளியும் மாறவில்லை என்று பொருள். ஆறு மணி நேரத்துக்கும் இதை ஓட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் போதும்.